அகரத்தில் முடிந்தால் மட்டும் தாவிய கர்சர்: தமிழ் எடிட்டர் ஒன்றில் பின்னோக்கிச் செல்லும் கட்டளைகளைச் சீராக்கிய நிகழ்வு

## பின்னணி

வேலூரில் புத்தகத் தட்டச்சும் பக்க அமைப்பும் செய்து கொடுக்கும் சிறிய டிடிபி அலுவலகம் ஒன்றுக்கு நான் மென்பொருள் எழுதித் தருகிறேன். முழுநேர வேலை அல்ல. காட்பாடியிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் போய் வருவேன். அங்கே தட்டச்சுக்கு 4 பேர், புரூஃப் பார்க்க 2 பேர். புரூஃப் பார்ப்பவர்களில் ஒருவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை, குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர். இன்னொருவர் தட்டச்சுப் பொறிக் காலத்தில் தொழில் கற்ற பெரியவர்.

முன்பு ஆளுக்கொரு மென்பொருளில் திருத்துவார்கள். ஒரே அத்தியாயம் நாலு கோப்பாக உலவும். எது கடைசியாகத் திருத்தியது என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். அதனால் பிரவுசரில் திறக்கும் எடிட்டர் ஒன்றைச் செய்து கொடுத்தேன். எழுத்து முழுக்க யூனிகோடு (எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் பொதுத் தரம்). தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்குறிப்பு, திருத்தக் குறி, இவ்வளவுதான் அதில் உண்டு. திருத்தி முடித்ததும் அதிலிருந்தே பிடிஎஃப் எடுத்து நூலாசிரியருக்கு அனுப்புவார்கள்.

இது நடந்தபோது கையில் இருந்த வேலை, வட ஆற்காட்டு வட்டார வரலாறு பற்றிய ஒரு கையெழுத்துப் பிரதி. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக எழுதப்பட்டது. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் மிஞ்சி வேலூர் மாவட்டம் என்று ஆன பகுதி 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. பிரதியில் ஆற்காடும் அரக்கோணமும் சில இடங்களில் வேலூர் மாவட்டம், சில இடங்களில் வட ஆற்காடு மாவட்டம். எந்த ஆண்டைப் பற்றிய வாக்கியம் என்று பார்த்துத்தான் மாற்ற முடியும். ஒரே அடியாகத் தேடி மாற்றும் வசதி இங்கே உதவாது. ஆகவே புரூஃப் பார்ப்பவர்கள் நாள் முழுக்கச் செய்த வேலை ஒன்றே: ஒரு சொல் பின்னால் போ, அழி, புதிதாக அடி, ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்துத் தடித்த எழுத்தாக்கு.

அதாவது கன்ட்ரோலோடு இடது அம்பு, கன்ட்ரோலோடு பேக்ஸ்பேஸ், கன்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்ந்த இடது அம்பு. மூன்றுமே பின்னோக்கிச் செல்லும் கட்டளைகள். அதற்கு முன் அந்த எடிட்டரில் இவற்றை யாரும் இவ்வளவு பயன்படுத்தியதில்லை.

## முதலில் கீபோர்டு மேல் பழி

மே மாதம். கத்திரி வெயிலில் வேலூர் எப்படி இருக்கும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஃபேன் காற்றில் தூசி பறக்க, வியர்வைக் கையோடு தட்டிக்கொண்டிருந்தார்கள். “இடது பக்கம் போற சாவி பாதி நேரம் வேலை செய்யல” என்று முதல் புகார் வந்தபோது, கீபோர்டில் தூசி அடைத்திருக்கும் என்று எல்லோரும் நம்பினோம். உரிமையாளர் புதுசு ஒன்று வாங்கிப் போட்டார். இரண்டு நாளில் அதே புகார். அடுத்த மேஜைக்கு மாறி உட்கார்ந்தும் அதேதான்.

பிறகுதான் என்னிடம் வந்தது. என் லேப்டாப்பில் எடிட்டரைத் திறந்து, ஓர் ஆங்கில வாக்கியம் அடித்து, பின்னோக்கித் தாவிப் பார்த்தேன். ஒழுங்காகத் தாவியது. என்னிடம் இருந்த சோதனைக் கோப்பையும் ஓட்டினேன். அதில் தமிழுக்கென்று இருந்தது ஒரே வரி: “அ ஆ இ ஈ”. அதிலும் ஒழுங்காகத் தாவியது. “எனக்குச் சரியாத்தான் வருது” என்று பதில் அனுப்பினேன். இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய தவறு அந்தப் பதில். அதனால் ஒரு வாரம் வீணானது.

அந்த வாரத்தின் முடிவில் இரண்டு அத்தியாயங்களுக்குப் பிடிஎஃப் எடுத்து அனுப்பினார்கள். நூலாசிரியர் பக்கங்களில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். தடித்த எழுத்தில் இருக்க வேண்டிய “ஆற்காடு” என்ற சொல், “ஆற்காட” என்று மெல்லிய எழுத்திலும், பக்கத்தில் சிறு சிறு புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தில் தொங்கும் உகரக் குறி மட்டும் தடித்த எழுத்திலும் வந்திருந்தது. துணை எழுத்துக்குப் பிடித்துக்கொள்ள மெய் இல்லாதபோது ஃபான்ட் காட்டும் புள்ளி வட்டம் அது. எண்ணிப் பார்த்ததில் 19 இடங்கள். சில இடங்களில் புள்ளியே காணோம்: “அவர்” என்பது “அவர” என்று நின்றது.

## டீச்சரின் நோட்டு

அடுத்த முறை போனபோது டீச்சர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார். நடுவில் கோடு கிழித்து, ஒரு தட்டில் தாவிய சொற்களை இடப்பக்கமும் இரண்டு தட்டு கேட்ட சொற்களை வலப்பக்கமும் எழுதி வைத்திருந்தார். இடப்பக்கம்: வந்த, நடந்த, எழுதிய, பல, சில, 1806, 10. வலப்பக்கம்: வந்தது, வந்தான், கோட்டை, ஆற்காடு, மாவட்டம், எழுச்சி. வலப்பக்கம் மூன்று பக்கத்துக்கு நீண்டிருந்தது.

“தம்பி, அகரத்துல முடிஞ்சா தாவுது. மத்த எதுல முடிஞ்சாலும் ஒரு தட்டு தடுமாறுது. மெய்யில முடிஞ்சாலும் சரி, உகரம் ஐகாரம் எதுவா இருந்தாலும் சரி.”

“எல்லாச் சொல்லுக்குமா டீச்சர்?”

“நான் எழுதினவரைக்கும் எல்லாத்துக்கும். எண்ணு வந்தா தாவுது. இங்கிலீஷும் தாவுது.”

அவர் முன்னாலேயே உட்கார்ந்து ஒரு வரியை எடுத்தோம்: “1806 ஜூலை 10 அன்று கோட்டையில் நடந்த எழுச்சி”. ஏழு சொல். வரியின் முடிவிலிருந்து தொடக்கம் வரை போக 11 தட்டு ஆனது. 1806, 10, நடந்த மூன்றுக்கும் ஒவ்வொரு தட்டு. மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. திரும்ப வலப்பக்கம் போக ஏழே தட்டு.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. “கோட்டையில்” என்ற சொல்லின் முடிவில் முதல் தட்டு தட்டியபோது திரையில் கர்சர் அசையவே இல்லை. உண்மையில் அது நகர்ந்திருந்தது: ல-வுக்கும் அதன் மேல் இருக்கும் புள்ளிக்கும் நடுவே போய் நின்றிருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடம் அது. சாவி வேலை செய்யவில்லை என்று எல்லோரும் சொன்னது, கண் பார்த்ததை அப்படியே சொன்னதுதான். அந்த முதல் தட்டு கன்ட்ரோலோடு பேக்ஸ்பேஸாக இருந்திருந்தால் புள்ளி மட்டும் போயிருக்கும். தேர்ந்தெடுத்துத் தடித்த எழுத்தாக்கினால் புள்ளியோ உகரக் குறியோ மட்டும் தடித்திருக்கும். பிடிஎஃப் எடுக்கும்போது மெய் ஒரு துண்டு, குறி ஒரு துண்டு என்று தனித்தனியாக வரையப்பட்டு, அந்தப் புள்ளி வட்டம் வந்திருக்கும். நூலாசிரியர் வட்டமிட்ட 19 இடமும் இப்படி வந்தவைதான்.

## காரணம்

முன்னோக்கிப் போகும் கட்டளையை முதலில் எழுதினேன். பிரவுசரோடு வரும் செக்மென்டர் என்ற சொல் பிரிப்பானிடம் எழுத்தோட்டத்தைக் கொடுத்தால், யூனிகோடின் 29-ஆம் இணைப்பறிக்கை சொல்லும் விதிப்படி சொற்களாகப் பிரித்துக் கொடுக்கும். அது இடமிருந்து வலமாகப் போகும். பின்னோக்கிப் போகும் கட்டளைக்கு நேரமில்லாமல் ஒரு குறுக்கு வழி எடுத்தேன்: கர்சருக்கு இடப்புறம் இருப்பதை எழுத்து எழுத்தாகத் தலைகீழாகத் திருப்பி, இடைவெளியை விட்டுவிட்டு, அதே பிரிப்பானிடம் கொடுத்து, முதலில் வரும் துண்டின் நீளத்துக்குக் கர்சரை நகர்த்தினேன். ஆங்கிலத்துக்கு இது போதும். ஆங்கிலச் சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அது எழுத்துகளின் வரிசைதான்.

தமிழில் “ன்” என்பது யூனிகோடில் இரண்டு குறியீடு. முதலில் ன, அடுத்து புள்ளி. “டு” என்றால் ட, அடுத்து உகரக் குறி. குறி எப்போதும் தனக்கு முன்னால் இருக்கும் மெய்யைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விதியும் அதைத்தான் சொல்கிறது: குறியை முன்னெழுத்தோடு சேர்த்தே எண்ணு. “வந்தான்” என்பதைத் திருப்பினால் புள்ளி முதலாவதாக வந்துவிடும். அதற்கு முன்னால் எதுவுமே இல்லை. பற்ற ஆளில்லாத குறி தனித் துண்டாகிவிடும். என் நிரல் அதையே முதல் சொல் என்று எடுத்துக்கொண்டு ஓரிடம் மட்டும் நகர்ந்தது. அடுத்த தட்டில் ன-வில் தொடங்கும் மிச்சம் முழுவதும் ஒரே துண்டாக வந்து சொல்லின் தலைக்குப் போனது.

அகரத்தில் முடியும் சொல்லின் கடைசி எழுத்துக்குக் குறி கிடையாது. “வந்த” என்பதில் கடைசியில் இருப்பது வெறும் த. எண்ணுக்கும் குறி இல்லை. என் சோதனை வரியில் இருந்த அ, ஆ, இ, ஈ நான்கும் உயிரெழுத்து. அவற்றுக்கும் குறி இல்லை. டீச்சர் பிரித்த இரண்டு பத்தியும் என் நிரலின் இரண்டு பாதையும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின. அவர் நிரலைப் பார்த்ததே இல்லை.

சொல்லின் நடுவிலும் குறி வருமே, அங்கே ஏன் உடையவில்லை என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. திருப்பிய ஓட்டத்திலும் நடுவில் வரும் குறிக்கு முன்னால் ஏதோ ஓர் எழுத்து இருக்கிறது. அது தவறான எழுத்துதான், ஆனால் துண்டு உடையாமல் இருக்க அது போதும்.

வேறொரு பிழையும் அன்றே வெளியே வந்தது. பழைய நிலக்கணக்கு பற்றிய அத்தியாயத்தில் மா, காணி, முந்திரி போன்ற பின்னங்களுக்கான பழைய குறிகள் இருந்தன (1/20, 1/80, 1/320). இவை யூனிகோடில் 2019-இல் வந்த தமிழ்ப் பின்னிணைப்புத் தொகுதியில் இருப்பவை. பிரவுசரின் கணக்கில் இப்படி ஒரு குறி இரண்டு இடம் பிடிக்கும். என் நிரல் ஒன்று என்று எண்ணியது. அந்த வரிகளில் பின்னோக்கிய தாவல் ஓரிடம் தள்ளியே நின்றது.

## எடுத்த முடிவுகள்

தலைகீழாகத் திருப்புவதை முழுவதுமாக நீக்கினேன். முடிவில் குறி இருந்தால் இன்னோர் எழுத்து நகரச் சொல்லி ஓர் ஒட்டுப் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் முன்னே போக ஒரு விதி, பின்னே வர ஒரு விதி என்ற நிலை அப்படியே இருந்திருக்கும். அதற்குப் பதிலாக, பத்தியை இடமிருந்து வலமாக ஒரே முறை பிரித்து, கர்சர் நிற்கக்கூடிய இடங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டோம். முன்னோக்கிப் போனால் பட்டியலில் அடுத்தது, பின்னோக்கிப் போனால் முந்தையது. தாவுவது, தேர்ந்தெடுப்பது, அழிப்பது மூன்றும் ஒரே பட்டியலைக் கேட்கும்.

எந்த இடங்கள் பட்டியலில் வரவேண்டும் என்பதில்தான் பேச்சு நீண்டது. எடிட்டர்களில் இதற்கு ஒரே வழக்கம் கிடையாது. ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் ஒரு சொல் முன்னே போனால் சொல்லின் வாலில் நிற்கும், பின்னே வந்தால் தலையில் நிற்கும், மேக் கணினியிலும் அப்படித்தான். அங்கே ஒரு தட்டு முன்னும் ஒரு தட்டு பின்னும் போனால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேருவது நிச்சயமில்லை. விம் என்ற இன்னோர் எடிட்டர் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது: தலைக்குத் தலை தாவ ஒரு சோடிக் கட்டளை, வாலுக்கு வால் தாவ இன்னொரு சோடி. எங்கள் ஆட்கள் விண்டோஸில் பழகியவர்கள், தலைக்குத் தலை தாவிப் பழகிய கை. அதையே வைத்தோம். பத்தியின் முடிவும் இரு திசையிலும் ஒரு நிறுத்தம். முன்பு முன்னே போனால் அங்கே நின்றது, பின்னே வந்தால் அதைத் தாண்டி முந்தைய பத்தியின் கடைசிச் சொல்லுக்கே ஓடியது. அதை யாரும் புகாராகக்கூடச் சொல்லவில்லை, பழகிவிட்டிருந்தார்கள்.

“1989-இல்” என்பதைப் பிரிப்பான் இரண்டு சொல்லாக உடைக்கும். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை: “வேற்றுமை உருபு தனியா நிக்குமா தம்பி?” எண்ணுக்கும் தமிழெழுத்துக்கும் இடையில் வரும் சிறுகோட்டில் நிற்க வேண்டாம் என்று பட்டியலைத் திருத்தினோம். “ஆற்காடு-வேலூர்” போன்ற ஊர்ச் சோடிகளில் இரண்டு ஊரிலும் நிற்கும்.

கன்ட்ரோல் இல்லாத வெறும் பேக்ஸ்பேஸைத் தொடவில்லை. இதில் எல்லோருக்கும் திருப்தி இல்லை. அம்பு ஒரு முழு எழுத்தைத் தாண்டும்போது பேக்ஸ்பேஸ் குறியை மட்டும் அழிப்பது சீராக இல்லையே என்று நானே முதலில் மாற்றப் போனேன். தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர்கள் தடுத்தார்கள். “கொ” என்று அடித்ததை “கோ” ஆக்க ஒரு பேக்ஸ்பேஸ், ஒரு ஓகாரம், முடிந்தது. ககரத்தை மறுபடி அடிக்க வேண்டியதில்லை. அவர்கள் சொன்னது சரி. பெரியவர் கேட்டதோ வேறு. தட்டச்சுப் பொறியில் ஒற்றைக் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால் என்று அடித்து வந்தவர் அவர். பேக்ஸ்பேஸ் போட்டால் கால் மட்டும் போய் “கெ” நிற்க வேண்டும் என்றார். கண்ணில் படும் வரிசைக்கு அது பொருந்தும், யூனிகோடு வைத்திருக்கும் வரிசைக்குப் பொருந்தாது. செய்ய முடியாது என்று சொன்னேன். அவருக்கு வருத்தம்தான்.

உயிர்மெய்க்குத் தனித்தனி எண் தரும் டேஸ்-16 குறியாக்கத்துக்கே மாறிவிட்டால் என்ன என்றும் பேச்சு வந்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட குறியாக்கம் அது. அதில் “ன்” ஒரே எண் என்பதால் இந்தப் பிழை பிறந்தே இருக்காது. ஆனால் அந்த எண்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் பிரிப்பானுக்கு அவை எழுத்தென்றே தெரியாது. ஒவ்வோர் எழுத்திலும் நின்று நின்று போகும். பேச்சு அங்கேயே நின்றது.

## பின்பு நடந்தது

நிரலை மாற்ற ஒன்றரை நாள் போதுமாக இருந்தது. கெட்டுப்போன அத்தியாயங்களைச் சரிசெய்வதுதான் நாளைத் தின்றது. மெய்யும் குறியும் வெவ்வேறு வடிவத்தில் இருக்கும் இடங்களையும், இடைவெளிக்குப் பின் அநாதையாக நிற்கும் குறிகளையும் ஒரு சிறு நிரல் தேடிக் கொடுத்தது. புள்ளி போன இடங்களை அந்த நிரல் கண்டுபிடிக்காது. “வந்தான்” என்பதில் புள்ளி போனால் “வந்தான”. குறிகளை மட்டும் பார்க்கும் நிரலுக்கு அதில் குறை ஒன்றும் தெரியாது. டீச்சரும் பெரியவரும் பிழை இருந்த காலத்தில் தொட்ட அத்தியாயங்களை முதலிலிருந்து படித்தார்கள். நூலாசிரியருக்கு இரண்டாவது புரூஃப் எங்கள் செலவில் போனது.

புதிய பதிப்பைப் போட்ட அன்று டீச்சர் அதே வரியை அடித்து எண்ணினார். வலப்பக்கம் ஏழு, இடப்பக்கம் ஏழு. மறுபடி ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் நோட்டை மூடினார்.

நீளமான பத்திகளில் தட்டு தாமதமாகுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. பத்தி மாறாதவரை பட்டியலை வைத்துக்கொண்டு, எழுத்து மாறினால் மட்டும் மறுபடி பிரிக்கச் சொன்னதில் யாருக்கும் தாமதம் தெரியவில்லை.

## இனி வேறாகச் செய்வது

“அ ஆ இ ஈ” வரியைச் சோதனைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது அங்கே இருப்பது டீச்சர் நோட்டின் சொற்கள்: மெய்யில் முடிவது, ஒவ்வொரு உயிர்க்குறியிலும் முடிவது, அகரத்தில் முடிவது, ஒகரத்தை ஒரே குறியாகவும் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் அடித்தது, ஸ்ரீ, பின்னக் குறிகள், சிறுகோடு. ஒவ்வொரு வரியிலும் முன்னே போகும்போது நின்ற இடங்களையும் பின்னே வரும்போது நின்ற இடங்களையும் நிரலே எழுதி ஒப்பிடும். ஓரிடம் கூடினாலும் குறைந்தாலும் பதிப்பு வெளியே போகாது. எந்த நிறுத்தமும் மெய்க்கும் அதன் குறிக்கும் நடுவே வரக்கூடாது என்பதையும் தனியாகச் சோதிக்கிறது.

புகார் எழுதும் தாளிலும் ஒரு கட்டம் சேர்த்தோம்: எந்தச் சொல்லில் நடந்தது என்று அந்தச் சொல்லையே எழுத வேண்டும். மே மாதத்து முதல் புகாரில் அது இருந்திருந்தால் கீபோர்டு வாங்கியிருக்க மாட்டோம். அந்தப் புதுக் கீபோர்டு இப்போது பெரியவர் மேஜையில் இருக்கிறது. ஒற்றைக் கொம்பு விஷயத்தை அவர் இன்னும் விடவில்லை.